எண்ணெய் வேண்டாத மோட்டார்

கயிற்றை இழுத்தார். முதல் இழுப்புக்கு மோட்டார் முனகியது. அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. உடனே என் கணவர் வழக்கம்போல் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் விசேஷம். இருமல் வரவில்லை, கண் கலங்கவில்லை. துண்டின் ஒரு முனையை மெல்ல விலக்கினார். பிறகு முழுவதும் விலக்கினார். சமையலறையில் என்ன கொதிக்கிறது என்று முகர்ந்து பார்ப்பவர் மாதிரி காற்றை இழுத்துப் பார்த்தார்.

"லோகா, வாடையே இல்ல."

"நல்லா மோந்து பாருங்க."

"பாத்துட்டேன் லா. சேத்து வாடைதான் வருது."

ஜெலுத்தோங் படகுத்துறையின் சேற்று வாடையைப் பற்றி யாரும் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை. துண்டைச் சுருட்டி என்மீது எறிந்தார். நான் அதைப் பிடித்து, கெடையில், எங்கள் ஊர் மளிகைக் கடையில்தான், வாங்கிய சாமான்கள் இருந்த கூடைக்குள் திணித்தேன். அந்தக் கூடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் படகைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். சமையல் கேஸில் ஓடுகிற மோட்டார் என்று எழுதியது பலரைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. நல்லதா கெட்டதா, வாங்கலாமா வேண்டாமா, வெடிக்குமா வெடிக்காதா என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. ஆனால் என் பதில் நேர்வழியில் வராது. முதலில் பஸ்ஸில் ஏற வேண்டும்.

பாலம் முழுக்க ஒரு திட்டு

என் கணவர் பாலன் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். விடியும் முன்பே சிம்பாங் அம்பாட்டில் பெண்களை ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸில் இறக்கிவிடுவார். அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி.

அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அவருடைய திட்டு. யாராவது ஒருத்தி தாமதமாக வந்து பஸ் காத்திருக்க நேர்ந்தால், அவர் நிறுத்தத்தில் ஒன்றும் சொல்ல மாட்டார். பாலத்தில் ஏறும்போதுதான் ஆரம்பிப்பார். அவளுடைய அலாரக் கடிகாரம், அவள் கட்டிக்கொள்ளப்போகிறவனின் தலையெழுத்து, அவள் போட்டுக்கொண்டு வந்த பவுடர் என்று வரிசையாக வரும். நடுவில் ஒரு முற்றுப்புள்ளி இருக்காது. தீவுப் பக்கம் இறங்கும்போதுதான் முடியும். பின்சீட்டில் நாங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்போம்.

நான் வேண்டுமென்றே சில நாள் தாமதமாகப் போனதுண்டு. அதன் விளைவாகத்தான் கல்யாணம் நடந்தது. அந்தக் கதை முன்பே எழுதியாகிவிட்டது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஓய்வு பெற்றபின் மூச்சுக்குழல் சுருங்கிப்போனது. டீசல் புகை பாதி, சிகரெட் பாதி. சிகரெட்டை விட்டார். நோய் அவரை விடவில்லை. மாடிப்படியில் நின்று நின்று ஏறினார். வீட்டில் திட்ட ஆரம்பித்தால் பாதியில் காற்றுத் தீர்ந்து, கையை வீசிவிட்டு உட்கார்ந்துவிடுவார். மீதித் திட்டு அவர் முகத்திலேயே நிற்கும்.

வீட்டில் கத்துகிறவர் அடங்கிவிட்டால் நிம்மதி என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். அந்த நிம்மதியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ஒரு மனிதனுக்குத் தன் பொண்டாட்டியை முழுசாகத் திட்டக்கூட மூச்சு இல்லை என்பது எவ்வளவு பெரிய துக்கம் என்று எனக்குத்தான் தெரியும்.

அவருக்கு மிச்சம் இருந்த ஒரே ஆசை படகு. சின்ன ஃபைபர் படகு. ஓய்வு பெற்ற கையோடு வாங்கியது. பாலத்துத் தூண்கள் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டுக் கொடுவா பிடிப்பார். தலைக்குமேல் தான் ஓட்டிய பாலத்தில் இப்போது யார் யாரோ பஸ் ஓட்டுவதைப் பார்த்துக் குறை சொல்வார். அதில் ஒரு தனி ஆனந்தம்.

ஆனால் படகில் இருந்தது பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார். பெட்ரோலோடு எஞ்சின் எண்ணெயையும் கலந்து குடித்துவிட்டு நீலமாகப் புகை விடுகிற ஜாதி. பின்காற்று அடித்தால் அந்தப் புகை முழுக்க ஓட்டுகிறவர் முகத்துக்குத்தான். ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்ததும் படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்துவிடுவார். பேச்சு வராது. மருத்துவர் அம்மா ஒருநாள் ஊதுமருந்தை மேசையில் வைத்துவிட்டு, புகை விடுகிற படகு வேண்டுமா நுரையீரல் வேண்டுமா என்று நேராகவே கேட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு முடிவெடுத்தோம். புகை இல்லாத ஒரு வழியைத் தேடிப் பார்ப்பது. அது சரிவரவில்லை என்றால் படகு பாக் மானுக்கு. பாக் மான் எங்கள் பக்கத்துப் படகுக்காரர், நல்ல மனிதர். எங்கள் படகின்மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். என் கணவர் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

கிடங்குக்குள் ஓடிய வண்டி

வழி என் பழைய வேலையில் இருந்தது.

நான் தொழிற்சாலையில் சில்லு அடுக்கியவள் இல்லை. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டவர்களின் பெட்டிகளையும் நான்தான் இறக்கி வைத்தேன். அந்த வண்டிக்குப் பின்னால், பிள்ளையை முதுகில் கட்டியது மாதிரி, ஒரு கேஸ் தோங், அதாவது சிலிண்டர், படுத்திருக்கும். கிடங்குக்குள் டீசல் வண்டி ஓட்டினால் உள்ளே இருப்பவர்கள் மூச்சுமுட்டிப் போவார்கள் என்றுதான் கேஸ் வண்டி. கதவுகளையும் திறந்து வைத்திருப்போம். எத்தனையோ வருஷம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். என் சேலையில் எண்ணெய் வாடை வந்ததில்லை.

கேஸில் வண்டி ஓடும் என்றால் படகு ஓடாதா? தேடினேன். இருந்தது. புரோப்பேன் என்கிற கேஸில் ஓடும் சின்னப் படகு மோட்டார்கள்.

கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் மகள், "பேட்டரி மோட்டார் வாங்குங்கம்மா, அதுலயும் புகை இல்ல" என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் இந்த ஜலசந்தியின் நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பி வர எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும், அதை அடுக்குமாடி வீட்டுக்கு யார் சுமந்துகொண்டு போய்ச் சார்ஜ் ஏற்றுவது என்று கேட்டேன். "அப்பாவா, நானா?" அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

கேட்டவர்களுக்குப் பதில்

இப்போது நல்லது கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

வாடை இல்லை என்பதுதான் எங்களுக்கு முதல் நன்மை. பெட்ரோலை ஊற்றும்போது கையில் சிந்தும், படகில் சிந்தும், தண்ணீரில் வண்ணமாகப் பரவும். கேஸில் சிந்துவதற்கே ஒன்றும் இல்லை. ரொம்ப நாள் படகை எடுக்காமல் விட்டால் பெட்ரோல் உள்ளேயே கெட்டுப் பிசினாகி மோட்டாரின் தொண்டையை அடைக்கும். கேஸ் கெட்டுப்போகாது. மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் இழுத்தால் கிளம்பும். என் கணவரைப்போல மழைக்காலம் முழுக்க வீட்டில் முடங்குகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

கெட்டதும் இருக்கிறது. கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே பறந்து போகாது. படகின் அடியில் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும், கண்ணுக்கும் தெரியாது. ஒரு பொறி போதும். அதனால் தோங்கைத் திறந்த இடத்தில், கசிந்தாலும் கடலுக்கு வழிந்துபோகிற மாதிரிக் கட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் நான் யாரையும் நம்ப மாட்டேன். கட்டின கணவரைக்கூட நம்ப மாட்டேன்.

வீட்டுக்கென்று மலிவாகக் கிடைக்கிற தோங்கைப் படகில் வைக்கவும் கூடாது. அதற்கு வேறு தோங், வேறு இணைப்பு. பொருத்தமான இணைப்பு கிடைக்க நாங்கள் நாயாய் அலைந்தோம்.

பெட்ரோலைவிட அதிகமாகக் குடிக்கும், அதனால் போகிற தூரம் குறையும். பெரிய படகுக்கு ஏற்ற மோட்டார் கிடைப்பது கஷ்டம். உதிரிப் பாகம் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். கடலில் பெட்ரோல் தீர்ந்தால் பக்கத்துப் படகில் ஒரு கேன் கடன் வாங்கலாம். கேஸ் தீர்ந்தால் யாரிடம் கேட்பது? கடைசியாக ஒன்று. வாடை இல்லை என்பதால் விஷம் இல்லை என்று நினைக்காதீர்கள். மணக்காத விஷமும் அந்தப் புகையில் உண்டு. மூடிய இடத்தில் ஓட்டாதீர்கள்.

இவ்வளவுதான் கெட்டது என்று நானும் நினைத்திருந்தேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று பாக்கி இருந்தது. அது மோட்டாரில் இல்லை, எங்கள் வாயில் இருந்தது.

தொங்கிய அட்டை

மோட்டாரைப் பாய்மரப் படகில் ஊர் சுற்றும் ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினோம். அவர் அதைச் சுத்தமாகத் துடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டியிருந்தார். பிடியில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இரண்டே சொல். நோ ஆயில்.

என் கணவருக்கு அந்த அட்டையைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. "பாத்தியா லோகா, எண்ணெய் வேணாம்னு அவனே எழுதிக் கட்டியிருக்கான்!"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியூர் வாசகர்களுக்குப் புரியாமல் போகலாம். மலாயில் மிஞ்ஞா என்ற ஒரே சொல்தான். வடை சுடுகிற எண்ணெயும் மிஞ்ஞா, தலைக்குத் தேய்ப்பதும் மிஞ்ஞா, பெட்ரோலும் மிஞ்ஞா. அதைக் கேட்டுக் கேட்டு, பினாங்குத் தமிழர்களான நாங்களும் பெட்ரோலை எண்ணெய் என்றுதான் சொல்வோம். "காடிக்கு எண்ணெய் ஊத்திட்டு வரேன்" என்று ஒருவர் கிளம்பினால் பெட்ரோல் நிலையத்துக்குப் போகிறார் என்று அர்த்தம். எஞ்சினுக்குள் ஊற்றுகிற எண்ணெயைக் கருப்பெண்ணெய் என்று பிரித்துச் சொல்வதும் உண்டு. அவசரத்தில் அதுவும் வெறும் எண்ணெய்தான்.

ஆக, நோ ஆயில் என்றால் பெட்ரோல் வேண்டாம். கேஸ் மோட்டாருக்கு எதற்குப் பெட்ரோல்? சரியாகத்தானே எழுதியிருக்கிறான். அந்த அட்டையைக் கழற்றவே இல்லை. படகுத்துறையில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு நாளில் எங்கள் மோட்டாருக்கு 'எண்ணெய் வேண்டாத மோட்டார்' என்று பெயரே விழுந்துவிட்டது.

சிம்பாங் அம்பாட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் மணியம் அண்ணனுக்கும் போன் போட்டுப் பெருமை அடித்தார். பைராம் தோட்டத்து மோட்டார் சைக்கிள்கள் பாதிக்கு அவர்தான் வைத்தியர். அவருடைய வாயிலும் அதே எண்ணெய்தான் வந்தது.

"எல்லாம் மாட்டியாச்சா தம்பி? எண்ணெய் ஊத்தினியா?"

"என்னண்ணே நீங்க, இதுக்கு எண்ணெயே வேணாம் லா. கேஸ்ல ஓடுது."

"அது தெரியும் லா. சரி சரி, ஜாலியா போயிட்டு வாங்க."

மணியம் அண்ணன் கேட்டது கருப்பெண்ணெய். இவர் சொன்னது பெட்ரோல். தம்பி கேலி பண்ணுகிறான், கருப்பெண்ணெய் ஊற்றாமலா இருப்பான் என்று அவர் போனை வைத்துவிட்டார். இரண்டு பேரும் தமிழில்தான் பேசினார்கள். ஒருவருக்கு ஒருவர் ஒன்றுமே சொல்லிக்கொள்ளவில்லை.

விளக்கு எரிந்தால் நல்லதுதானே

இப்போது மறுபடியும் படகுக்கு வாருங்கள். துண்டை எறிந்துவிட்டார், சேற்று வாடையை அனுபவிக்கிறார், கிளம்பிவிட்டோம்.

நான் முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் பின்னால். நடுவில் தோங். காலை வெயில் தண்ணீரில் தகதகத்தது. அவர் எதையோ முணுமுணுத்துப் பாடினார். அவர் பாடுவதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்து நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவார்.

ஆனால் படகு ரொம்ப மெதுவாகப் போனது. பிடியை எவ்வளவு திருகினாலும் வேகம் ஏறவில்லை. பின்னால் கிளம்பிய பாக் மான் எங்களைத் தாண்டிப்போனார். "பாலன், மாச்சாம் சிப்புட் லா!" என்று கத்தினார். நத்தை மாதிரிப் போகிறாயே என்று கேலி. அவருடைய பழைய மோட்டாரின் நீலப் புகை அப்படியே எங்கள்மேல் கவிந்தது. என் கணவர் துண்டுக்குக் கையை நீட்டினார். நான் எடுத்துக் கொடுப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

இருமி ஓய்ந்ததும் சொன்னார்: "கேஸ்னா இப்படித்தான் போல. பலம் பத்தல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கேஸைச் சொல்லக் கூடாது. "பலம் பத்தலயா? டன் கணக்குல தூக்கியிருக்கேன் கேஸ் வண்டில. கேஸ் மேல பழி போடாதீங்க. உங்க மோட்டாருக்குத்தான் என்னமோ ஆயிருக்கு" என்று சண்டைக்குத் திரும்பினேன்.

அப்போதுதான் தோங்குக்கு அப்பால், மோட்டாரின் முகப்பில் ஒரு சிவப்பு வெளிச்சம் என் கண்ணில் பட்டது.

"அது என்ன செவப்பா எரியுது?"

"அதுவா? லைட்டு. மொதல்லேருந்து எரியுது. விளக்குப் படம் போட்டிருக்கு பாரு, அழகா இருக்கு."

குனிந்து பார்த்தேன். மூக்கு நீண்ட விளக்கு மாதிரி ஒரு படம். மூக்கு நுனியில் ஒரு சொட்டு. என் ஃபோர்க்லிஃப்ட்டில் இருந்த அதே படம். காலையில் சாவி போட்டதும் எரியும், வண்டி கிளம்பியதும் அணையும். விளக்கு அணையாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது கிடங்கில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம்.

"ஐயோ, நிறுத்துங்க!"

"ஏன் லா? விளக்கு எரிஞ்சா நல்லதுதானே!"

"வீட்டு விளக்குதான் எரியணும். இது அணையணும். எண்ணெய் இல்லாமதான் எரியுது. நிறுத்துங்கன்னா!"

நிறுத்தினார். பிடியில் அந்த மஞ்சள் அட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். நோ ஆயில். உள்ளே இருந்த எண்ணெயை வடித்துவிட்டேன், ஊற்றாமல் ஓட்டாதே என்று அந்த வெள்ளைக்காரர் எவ்வளவு அக்கறையாக எழுதிக் கட்டியிருக்கிறார். அதை நாங்கள் ஊர் முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறோம். எண்ணெய் இல்லாததால்தான் மோட்டார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

கெடையில் வாங்கிய பாக்கெட்

மோட்டார் நின்றதும் நீரோட்டம் படகைப் பிடித்துக்கொண்டது. பாலத்துத் தூண்கள் இருக்கும் பக்கமாக மெல்ல இழுத்துப் போனது. அவசரமாக நங்கூரத்தைப் போட்டேன். அது சேற்றில் கொஞ்சம் பிடித்தது, கொஞ்சம் நழுவியது. துடுப்பு இருந்தது. ஆனால் அந்த ஓட்டத்தை எதிர்த்து நான் ஒருத்தி வலித்து வர முடியாது. அவரை வலிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தூரத்தில் பாக் மானின் படகு தெரிந்தது. கையை ஆட்டினால் வந்துவிடுவார். கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துப் போவார். இழுத்துப் போகிற வழி முழுக்க அந்த நீலப் புகை நேராக எங்கள் படகுக்கு வரும். என் கணவர் அதற்குள் உட்கார்ந்துதான் வர வேண்டும்.

"பாக் மான... கூப்பிடு," என்றார். மூச்சு வாங்கினார். "கரைக்குப் போயி... படகயும் அவருக்கே... குடுத்துரலாம். சொன்ன... வாக்குதானே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய்விட்டே அழுதேன். கொஞ்சம் முன்னால் பாடிக்கொண்டிருந்த மனிதர். அந்தப் பாட்டைத் திரும்பிப் பார்க்காமல் கேட்ட சுகம்கூட எனக்குத் தீரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மணியம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, எண்ணெய் ஊத்தல."

"எந்த எண்ணெய் தங்கச்சி?"

"கருப்பெண்ணெய் அண்ணே. கருப்பெண்ணெய்!"

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் அவர் பேசியதை இந்த வார இதழில் அச்சிட முடியாது. கடைசியில், "மூடி பக்கத்துல அளவுக் கம்பி இருக்கும், இழுத்துப் பாரு" என்றார். இழுத்துப் பார்த்தேன். நுனியில் மட்டும் லேசாகப் பிசுபிசுப்பு.

"அந்தப் பிசுபிசுப்புதான் இவ்வளவு நேரம் காப்பாத்திருக்கு. படகுல எண்ணெய் ஏதாச்சும் இருக்கா?"

"எங்கண்ணே இருக்கும்? சமையல் எண்ணெய்தான் இருக்கு."

காலையில் படகுக்கான தோங்கை வாங்கிய அதே கெடையில் ஒரு பாக்கெட் சமையல் எண்ணெயும் வாங்கியிருந்தேன். பிளாஸ்டிக் பையில் வருமே, அது. கூடைக்குள் துண்டுக்குக் கீழே கிடந்தது.

"பாமாயிலா?"

"ஆமாண்ணே."

அவர் பட்டறைக் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஊத்து," என்றார். "ஊத்திட்டு ஊர்ந்து ஊர்ந்து கரைக்கு வா. முறுக்கக் கூடாது. வந்ததும் எல்லாத்தயும் வடிச்சிட்டு நல்ல எண்ணெய் ஊத்தணும். அப்புறம் தங்கச்சி, நான்தான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத. என் தொழில் போயிரும்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதத்தான் செய்கிறேன். நீங்களும் இதை வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்தேன். மோட்டாரின் வாய் சின்னது, புனல் இல்லை. என் கணவர் மஞ்சள் அட்டையை அறுத்தெடுத்தார். கடலைக்காரர் காகிதம் மடிக்கிற மாதிரிக் கூம்பாகச் சுருட்டிப் பிடித்தார். நோ ஆயில் என்கிற எழுத்தின் நடுவழியாக எண்ணெய் இறங்கியது. நான் ஊற்ற ஊற்ற அவர் அளவுக் கம்பியை இழுத்து இழுத்துப் பார்த்தார். போதும் என்று கையைக் காட்டினார்.

மனசுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டு கயிற்றை நானே இழுத்தேன். அவர் இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. அப்புறம் அணைந்தது.

விளக்கு அணைந்ததற்காகக் கைகூப்பிய தமிழச்சி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சமையல் கேஸையும் சமையல் எண்ணெயையும் வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கரைக்கு வந்தோம். துண்டு கூடைக்குள்ளேயே கிடந்தது. அவர் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமே மணியம் அண்ணன் பாலத்தைத் தாண்டி வந்து எல்லாவற்றையும் வடித்து, கழுவி, நல்ல கருப்பெண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார். இன்றுவரை ஓடுகிறது. நோயும் இன்றுவரை இருக்கிறது. ஊதுமருந்து சட்டைப்பையில்தான் இருக்கிறது. அதிசயம் ஏதும் நடந்ததாக நான் சொல்லவில்லை.

ஆனால் அன்று படகுத்துறையில் ஏறியபோது வழக்கமாக உட்காரும் பலகையில் அவர் உட்காரவில்லை. அதைத் தாண்டி நடந்தார். நடந்துகொண்டே ஆரம்பித்தார்.

"புது பாக்கெட் எண்ணெய் முழுசா ஊத்திட்டியே நாளைக்கி எதுல தாளிப்ப அந்த மோட்டார்லேருந்து வடிச்சா ஊத்துவ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன்னு ஊரெல்லாம் சொல்றியே ஒரு அட்டயப் படிக்கத் தெரியல உனக்கு எவன் லைசென்ஸ் குடுத்தான் அவன மொதல்ல..."

பாக் மான் எங்களுக்கு முன்பே கரைக்கு வந்து வலையை உதறிக்கொண்டிருந்தார். படகைக் கண்ணால் காட்டி, "ஜுவால்?" என்று கேட்டார். விற்கிறாயா?

என் கணவர் நிற்கக்கூட இல்லை. "தா ஜுவால்," விற்பதாக இல்லை என்று அந்தப் பக்கம் ஒரு கையை வீசிவிட்டு, என் பக்கம் திரும்பி, லைசென்ஸ் கொடுத்தவனை விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடர்ந்தார். திட்டு சாலை வரைக்கும் வந்தது. நடுவில் ஒரு முற்றுப்புள்ளி இல்லை.

அது முடிந்துவிடக் கூடாதே என்று நான் மெதுவாக நடந்தேன்.